நெஞ்சு படபடக்கும்போதும் கடன்காரர் கூப்பிடும்போதும்: படிப்படியாக ஒரு வழிகாட்டி

ராத்திரி ரெண்டே கால் மணி இருக்கும். நல்ல தூக்கத்தில் இருந்தவன் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்த அடியில் போட்டிருந்த பனியன் துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. மூச்சு முட்டியது. விரல் நுனிகள் மரத்துப்போயின, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று மனைவி எழுந்து லைட்டைப் போட்டாள். "ஒண்ணுமில்ல, கேஸு" என்றேன். ஓமத் தண்ணி கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அது குடிக்கிற பதத்துக்கு ஆறுவதற்குள் எனக்கும் அடங்கிவிட்டது. ஓமத்தால்தான் சரியானது என்று ரெண்டு பேரும் நம்பினோம்.

அடுத்த ரெண்டு மாதத்தில் ஏழெட்டு தடவை வந்தது. ஆறு பவர் டேபிள் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறவன் நான், ஊர் திருப்பூர். அந்த வருஷம்தான் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தோம். தைத்துக் கொடுத்த சரக்குக்கு ஒரு கம்பெனியிலிருந்து நாலு மாதமாகப் பணம் வரவில்லை. கடைசியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதே வந்து, கூட வேலை செய்தவர்கள் தூக்கிக்கொண்டு ஜி.ஹெச்சுக்கு ஓடினார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டரம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்குங்க. கடன் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். 38 வயதில், அத்தனை பேர் நின்ற வரிசைக்கு முன்னால் அழுதேன்.

அவர் சொன்னது, பிறகு ஒரு வருஷம் மனநல ஓபிக்குப் போய்வந்ததில் கற்றது, கடனை அடைக்கும்போது பட்டுத் தெரிந்துகொண்டது, இவற்றைத்தான் கீழே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். கடனை நினைத்தால் படபடப்பு வருகிறது. படபடப்பு வருமே என்று போனை எடுக்காமல் விடுகிறோம், கணக்கைப் பார்க்காமல் விடுகிறோம். அதனால் கடன் ஏறுகிறது. இந்த முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்க்க முடியாது. உடம்பை அமர்த்துவது ஒரு வேலை, கடனைக் குறைப்பது இன்னொரு வேலை, வீட்டில் வாய் திறப்பது மூன்றாவது வேலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், அதுவும் இந்த வரிசையில்.

முதலில் இதயமா என்று பார்த்துவிடுங்கள்

முதல் தடவை நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் "பதற்றம்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, மாடிப்படி ஏறினால் கூடுவது, வியர்த்துக் கொட்டிக்கொண்டு வலி விடாமல் நிற்பது என்றால் யோசிக்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல்கூட மாரடைப்பு வரலாம்.

ஒரு தடவை முறையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஈசிஜி, தைராய்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். எல்லாம் சரியாக இருந்தால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை மனசு "இது ஹார்ட்டுதான்" என்று கத்தும்போது காட்டுவதற்கு ஆதாரம் வேண்டும்.

அந்தப் பத்து நிமிஷம்

உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். நாய் துரத்தினால் ஓடுவதற்கு உடம்பு எப்படித் தயாராகுமோ, அதேதான் இது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு வேகமாகிறது. துரத்துவதற்குத்தான் நாயே இல்லை. மூச்சு போதவில்லை என்று தோன்றினாலும், உண்மையில் அப்போது தேவைக்கு அதிகமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரப்பதும், உதடு விறுவிறுப்பதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் வரும். இந்த நேரத்தில் ரத்த அழுத்தம் பொதுவாக ஏறியிருக்கும் என்பதால் மயங்கி விழுவது அபூர்வம். பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், 20, 30 நிமிஷத்தில் இறங்கிவிடும். என் ஓமத் தண்ணி ஆறிய நேரம் அதுதான்.

வந்தால் செய்ய வேண்டியது:

1. இருக்கிற இடத்திலேயே உட்காருங்கள். ரெண்டு பாதமும் தரையில் முழுசாகப் படட்டும். வீட்டை விட்டு ஓட வேண்டாம், பஸ்ஸை விட்டு இறங்க வேண்டாம்.

2. மனசுக்குள் சொல்லுங்கள்: "இது படபடப்பு. முன்னாடியும் வந்துச்சு, போச்சு. இப்பவும் போகும்." எழுதிப் பர்சில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அந்த நேரத்தில் எதுவும் ஞாபகத்துக்கு வராது.

3. முதலில் மூச்சை வெளியே விடுங்கள். நாம் அவசரமாக உள்ளே இழுக்கத்தான் பார்ப்போம். சூடான டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக முழுசும் விடுங்கள். பிறகு மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நெஞ்சு தூக்காமல் வயிறு உப்ப வேண்டும். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். அஞ்சு நிமிஷம். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம், இதயமோ நுரையீரலோ பாதித்திருந்தால் ஆபத்து.

4. கண்ணுக்குத் தெரிகிற அஞ்சு பொருள், தொட முடிகிற நாலு, காதில் விழுகிற மூணு சத்தம், ரெண்டு வாசனை, வாயில் ஒரு ருசி என்று பேர் சொல்லிக்கொண்டே வாருங்கள். எனக்கு இதில் மெஷின்தான் கைகொடுத்தது. நூல் கண்டு, கத்தரி, பாபின், எண்ணெய் டப்பா, சுவரில் காலண்டர்.

5. அடக்கப் பார்க்காதீர்கள். இதுதான் கஷ்டமான பாடம். "நிக்கணும், இப்பவே நிக்கணும்" என்று மல்லுக்கட்டினால் அந்தப் பயமே இன்னும் அட்ரினலினைக் கொண்டுவந்து கொட்டும். மழைக்கு ஒதுங்கி நிற்பதுபோல நில்லுங்கள்.

மூச்சுப் பயிற்சியைப் படபடப்பு வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. நன்றாக இருக்கிற நாளில் காலையும் மாலையும் அஞ்சஞ்சு நிமிஷம் செய்து பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கை கொடுக்கும்.

அடங்கிய பிறகு உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு, செய்துகொண்டிருந்த வேலைக்கே திரும்பிப் போங்கள். வந்த இடத்தை ஒதுக்க ஆரம்பித்தால் ஒதுக்குகிற இடங்கள் கூடிக்கொண்டே போகும். நான் முதலில் பெரிய கடை வீதியை விட்டேன், பிறகு பஸ்ஸை, பிறகு கல்யாணங்களை. திரும்பப் பிடிக்க ஒவ்வொன்றாகத்தான் முடிந்தது. முதல் வாரம் ரெண்டு ஸ்டாப் மட்டும் பஸ்ஸில் போனேன், அடுத்த வாரம் நாலு ஸ்டாப்.

டீயைக் குறையுங்கள். பனியன் கம்பெனி வேலையில் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு டீ என்பது சாதாரணம், அதுவே நெஞ்சைப் படபடக்க வைக்கும். குடி அன்றைக்கு ராத்திரி தூங்க வைத்தாலும் மறுநாள் காலையில் பதற்றத்தை ரெண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும்.

நோட்டு

கடனைக் குறைக்கும் வேலை நாப்பது பக்க நோட்டில் ஆரம்பிக்கிறது. பகலில், சாப்பிட்ட பிறகு உட்காருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் கடன் கணக்கே பார்க்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி. யாருக்கு, அசலில் பாக்கி எவ்வளவு, மாதம் எத்தனை ரூபாய் வட்டி, எந்தத் தேதி, எதை அடகு வைத்திருக்கிறோம், யார் ஜாமீன், புரோநோட்டோ வெற்றுக் காசோலையோ கொடுத்திருக்கிறோமா. எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது, ரெண்டு தடவை எழுந்து போய்விட்டேன். எழுதி முடித்தது இது: மெஷின் லோன் 2,60,000. நகைக் கடன் 1,85,000. அஞ்சு வட்டிக்கு வாங்கியது 1,20,000. மனைவி பேரில் குழுக் கடன் 62,000. தண்டல் பாக்கி 15,000. சொந்தக்காரர்களிடம் கைமாத்து 1,00,000. மொத்தம் 7,42,000. அதுவரை மனசில் ஓடிக்கொண்டிருந்த தொகை பத்து லட்சத்துக்கு மேல். ராத்திரியில் மனசு போடும் கூட்டல் எப்போதும் தப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து வட்டியை வைத்து வரிசைப்படுத்துங்கள். 100க்கு 1 வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம், 5 வட்டி என்றால் 60. தண்டலில் 10,000 என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலித்தால் ஆண்டுக் கணக்கில் அது 100 சதவீதத்தையும் தாண்டுகிறது. சத்தம் போட்டுக் கேட்கிறவருக்கு முதலில் கொடுப்பதுதான் நம் வழக்கம். வட்டி அதிகமான கடனைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். மனைவி தானாக முன்வந்து கழற்றிக் கொடுத்த வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்து அஞ்சு வட்டிக் கடனை முடித்தோம். மாதம் 6,000 போய்க்கொண்டிருந்த இடத்தில், 100க்கு 1 ரூபாய் கணக்கில் 1,200 ஆனது. கடனை அடைக்கக் கடன் வாங்கலாம் என்றால் அது இந்த ஒரு நிலையில்தான்: வட்டி உண்மையாகவே குறைய வேண்டும், பழைய புரோநோட்டும் காசோலையும் அன்றைக்கே கைக்கு வர வேண்டும். ஒரு லோன் ஆப் கடனை இன்னொரு ஆப்பில் வாங்கிக் கட்டுவது குழியை ஆழமாக்கும்.

நோட்டை மூடிய பிறகும் மனசு மூடாது. அதற்குத் தினமும் சாயங்காலம் ஒரு 20 நிமிஷம் ஒதுக்கி, அப்போது மட்டும் கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் வந்தால் ஒரு வார்த்தை எழுதி வைத்துவிட்டு "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று தள்ளுங்கள். சின்னப்பிள்ளை விளையாட்டுபோலத் தோன்றும், மூணு வாரம் செய்து பாருங்கள்.

போன் அடிக்கும்போது

எனக்குப் படபடப்பைக் கிளப்பியதில் பாதி அந்த ரிங்டோன்தான். கடன் சம்பந்தமான எண்களை எல்லாம் பேர் போட்டுப் பதிந்து, அவற்றுக்கு மட்டும் சத்தத்தை நிறுத்தினேன். அதற்குப் பதிலாகத் தினமும் காலை 11 மணிக்கு நானே ஒருவரைக் கூப்பிட்டேன். நாமாகக் கூப்பிடும்போது நெஞ்சு அடித்தாலும் அடி வேறு மாதிரி இருக்கும். பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "சார், இந்த மாசம் 5ஆம் தேதி முழுசாக் கட்ட முடியாது. 20ஆம் தேதி 3,000 கட்டறேன். இதையே மெசேஜாவும் அனுப்பறேன்." முடியாத தேதியைச் சொல்லாதீர்கள். வங்கிக் கடன் என்றால் தவணை தவறுவதற்கு முன்பே போய், தவணையை மாற்றி அமைத்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நமக்கு இருக்கிற பாதுகாப்பு தெரியாததாலேயே பாதி பேர் நடுங்குகிறோம். வங்கி, நிதி நிறுவன வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. குழுக் கடன் என்கிற மைக்ரோ ஃபைனான்ஸில் அது காலை 9 முதல் மாலை 6 வரைதான். தவணை கட்டக் குறித்த இடத்துக்குத் தொடர்ந்து ரெண்டு தடவை நாம் போகாமல் இருந்தால்தான் வீட்டுக்கே வந்து கேட்கலாம். 2022 விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் கொடுக்கவும் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க எண் 14448. கந்து வட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் தனிச் சட்டமும் வந்தது. காவல் நிலையத்திலோ, கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலோ மனு கொடுக்கலாம். லோன் ஆப்காரர்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள். இலவச வக்கீல் உதவிக்கு 15100, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை.

வீட்டில் சொல்வது

கடனைவிட என்னை அதிகம் தின்றது அதை மறைத்ததுதான். ஆறு மாதம் "எல்லாம் சரியா இருக்கு" என்று நடித்தேன். மெசேஜ் வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பேன். மனைவி அதை வேறு மாதிரி சந்தேகப்பட்டிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். பணம் இருக்கிறவரைத் தேட வேண்டாம், பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாதவரைத் தேடுங்கள். அவர் மனைவியாகவோ கணவராகவோ, அக்காவாகவோ இருக்கலாம். விருந்தாளி இருக்கும் நாள், பிள்ளைகளின் பரீட்சை நாள், ராத்திரி தூங்கும் நேரம் வேண்டாம். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொகையை முழுசாகச் சொல்லுங்கள். பாதியை மறைத்துச் சொன்னால் மறைத்த பாதி மறுபடி நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். கூடவே படபடப்பையும் சொல்லுங்கள்: "எனக்கு இப்படி வந்தா பக்கத்துல உக்காந்து எங்கூட மெதுவா மூச்சு விடு, அது போதும்."

கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க", "ஆம்பளை அழுவாங்களா", "உங்கப்பன் பாக்காத கடனா" என்ற மூன்றும் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போய் மந்திரித்து வருவதில் மனசு அமைதியானால் போய் வாருங்கள், டாக்டரிடம் போவதை அதற்காக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் சீர். தங்கச்சி மகளுக்குத் தாய்மாமன் சீர் அஞ்சு பவுன் என்று நான் எப்போதோ பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதை எப்படி மாற்றிச் சொல்வது என்பதே எனக்குப் பாதித் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் நேரில் போய், சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அம்மிணி, தாய்மாமனா நான் வந்து நிப்பேன். மாலை, பட்டு எல்லாம் எடுக்கறேன். நகை மட்டும் இந்த வருஷம் என்னால ஆகாது." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏண்ணா இத்தன நாளா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். மச்சானுக்கு வருத்தம்தான், ரெண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. அந்த வருத்தத்தைத் தாங்க முடிந்தது. எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் முடியாததை முடியாது என்று சொல்லும்போது, எது முடியும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். காரணங்களை அடுக்கிக்கொண்டே போனால் பேரம் ஆரம்பித்துவிடும்.

டாக்டரிடம் எப்போது

மாதத்தில் சில தடவை வந்தாலோ, வருமோ என்ற பயத்திலேயே வேலைக்கோ வெளியேவோ போக முடியாமல் போனாலோ, ரெண்டு வாரமாகத் தூக்கம் கெட்டிருந்தாலோ காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு, ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற இந்த அரசு சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அங்கே ரெண்டு வழி வைத்திருப்பார்கள். ஒன்று பேச்சு சிகிச்சை, பயத்தைக் கிளப்பும் எண்ணத்தைப் பிடித்துச் சோதித்துப் பார்க்கப் பழக்குவது. இன்னொன்று மாத்திரை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை வேலை செய்ய ரெண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடுவதுபோலக்கூட இருக்கலாம், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாகிவிட்டதென்று நீங்களாகவும் நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் மாதிரி உடனே அமர்த்தும் மாத்திரைகள் பழக்கத்தை உண்டாக்குபவை. மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போடுவதை இன்றோடு விடுங்கள்.

"நான் இல்லேன்னா இவங்களாவது நிம்மதியா இருப்பாங்க" என்ற எண்ணம் தலைகாட்டினால், அது அவசரம். அன்றைக்கே, அந்த நேரமே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 அல்லது 108-க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் வேறு யாராவது இப்படிப் பேசினால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரை டப்பாக்களை வீட்டை விட்டே அகற்றுங்கள். ஏதாவது செய்துகொண்டுவிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். முயன்றவரைத் தண்டிக்காமல், கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

மறுபடி வந்தால்

வரும். நாலைந்து மாதம் வராமல் இருந்துவிட்டு, கடன் பாதி குறைந்த பிறகும் ஒரு நாள் வரும். செய்ததெல்லாம் வீணாகிவிட்டது என்று அன்றைக்கு நினைக்காதீர்கள். தூக்கம் எப்படி இருந்தது, எத்தனை டீ, யாரிடம் எதை மறைத்தேன் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதுங்கள்.

எனக்குப் போன மாதம் அவினாசி ரோட்டில், நெரிசலான பஸ்ஸில் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டேன். வெளியே தெரிந்த கடைகளின் போர்டை ஒவ்வொன்றாக வாசித்தேன். வழியில் இறங்கவில்லை, என் ஸ்டாப்பில்தான் இறங்கினேன். "வந்துச்சு, போயிருச்சு" என்று மனைவிக்கு மெசேஜ் போட்டேன். "சரிங்க. வரும்போது அரைக் கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்க" என்று பதில் வந்தது.